மெஷினுக்கு மாஸ்டர் பேரு வேணாம்

மேடையில இருக்கற ஜிம் முதலாளி சாருக்கு வணக்கம். முன் வரிசையில இருக்கற, நாங்க அக்கான்னு கூப்பிடற மாஸ்டர் சம்சாரத்துக்கு வணக்கம். வெயிட்டையெல்லாம் ஓரங்கட்டிட்டு சேர் போட்டு உக்காந்திருக்கற உங்களுக்கும், லைவ்ல பாக்கறவங்களுக்கும் வணக்கம். எனக்கு வீடியோ எடுத்துதான் பழக்கம். இங்க உளறினா கட் பண்ண முடியாது, பொறுத்துக்கங்க.

பேனர்ல 'உடற்பயிற்சிச் செம்மல்'னு போட்டிருக்கீங்க. உயிரோட இருந்தப்ப மாஸ்டரை யாராவது அப்படிக் கூப்பிட்டீங்களா? கிள்ளு மாஸ்டர்! அதானே பேரு? வயித்துல, தொடையில, கைக்குப் பின்னாடி சதையைக் கிள்ளிப் பிடிச்சு, காலிப்பர்ங்கற கவ்வியை மாட்டி, கொழுப்பை மூணு தடவை அளந்து எழுதுவாரே, அந்த கிள்ளு மாஸ்டர்! பதினொரு வருஷம்!

அப்புறம் மெஷின் வந்துச்சு. வெறுங்கால்ல ஏறி நின்னா போதும். உடம்புல லேசா கரண்ட் விட்டு, கொழுப்பு இத்தனை சதவீதம்னு சீட்டு துப்பும். முதல் வாரமே ஒருத்தன் ஏறினான். முப்பத்திரண்டு! சாப்பாட்டையே நிறுத்திட்டான். ஒன்பதாவது நாள் இதோ இந்த டிரெட்மில்லுல மயங்கி விழுந்தான்.

அந்த லூசு நான்தான்.

தூக்கி உக்கார வெச்சது மாஸ்டர்.

"எப்படா ஏறின?"

"மதியம் மாஸ்டர். சாப்பிட்டுட்டு, ஒரு பாட்டில் தண்ணியும் குடிச்சிட்டு."

"அடப்பாவி! தின்ன சோறு, குடிச்ச தண்ணி, எல்லாத்தையும் கொழுப்புக் கணக்குல எழுதியிருக்குடா!"

தெம்பு வந்தப்புறம் கிள்ளினார். இருபத்தேழு.

"அப்ப காலிப்பர்தான் கரெக்டா மாஸ்டர்?"

"இதுவும் மூணு நாலு முன்னப்பின்ன பொய் சொல்லும். ஆனா ஒரே கை, ஒரே நேரம், ஒரே இடம்னு அளந்தா, எப்பவும் ஒரே பொய்யைச் சொல்லும். ஏறுதா இறங்குதான்னு பாக்க அது போதும்டா."

தன் கையில இருக்கற கருவியையே பொய்யின்னு சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்?

அப்புறம் அவரே மெஷின்ல ஏறிக் காட்டினார். ஒரு லிட்டர் தண்ணி குடிச்சிட்டு, உடனே மறுபடி ஏறினார். ஒன்றரை சதவீதம் எகிறிடுச்சு! "உனக்குப் புரியத்தான் காட்டினேன், போட்டுடாதடா"ன்னார். லைக்குக்கு ஆசைப்பட்டு நான் எடுத்த வீடியோவைப் போட்டேன். நாலு லட்சம் பேர் பாத்தாங்க. மூணாவது நாள் மாஸ்டர் போன்ல ஜிம்லேருந்து ஒரு மெசேஜ். 'நாளையிலேருந்து வர வேண்டாம்.' பதினொரு வருஷத்துக்கு மூணு வார்த்தை! அக்கா, அந்தத் தப்புல என் பங்கும் இருக்கு. என்னை அவர் ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருக்கலாம்.

பத்து நாள் முன்னாடி நெஞ்சுவலியில போயிட்டார். கமெண்ட்ல ஒருத்தன் சிரிக்கறான். 'கொழுப்பு பதினாலு சதவீதம்னு பீத்தினவருக்கே ஹார்ட் அட்டாக்கா? காலிப்பர் நல்லா வேலை செஞ்சிருக்கு!' டேய், அதை அவரே சொன்னார்டா! தோலுக்கு அடியில இருக்கறதைத்தான் கிள்ள முடியும், குடலைச் சுத்தி இருக்கறது கைக்குச் சிக்காது, இடுப்பை டேப் வெச்சும் அளக்கணும்னு இதே ஜிம்ல கெஞ்சினார். "இதென்ன டெய்லர் கடையா?"ன்னு கேட்டது யாரு? பேரு சொல்ல மாட்டேன். மேடையில தண்ணி குடிச்சிட்டு இருக்கார்.

இப்ப அந்தப் புது மெஷினுக்கு மாஸ்டர் பேரு வைக்கப் போறாங்களாம். அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அதுல அவர் பேரு வேணாம் தம்பி, நீயே சொல்லிடு"ன்னாங்க. சொல்லிட்டேன்.

உறுதிமொழின்னு அழைப்புல போட்டிருக்கு. எடுக்கறேன். அக்கா குடுத்த இந்தக் காலிப்பரோடவும் ஒரு டேப்போடவும் வாராவாரம் பார்க்ல உக்காருவேன். மூணு தடவை அளப்பேன். எதை அளக்க முடியாதுன்னு முதல்லயே சொல்லிடுவேன்.

முதலாளி சார், கூட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அதுல ஏறி, பதினெட்டுன்னு எல்லாருக்கும் சீட்டைக் காட்டினீங்க. இப்ப உங்க கையில இருக்கற அந்த லிட்டர் பாட்டில் காலி.

செருப்பைக் கழட்டிட்டு மறுபடி ஏறுங்க சார். மாஸ்டர் போட்டோ அதைப் பாத்துதான் இருக்கு. நாங்களும் இருக்கோம்.