ஒரு டம்ளர் தண்ணீர்

முதலில் டீயைக் குடியுங்கள் சார். தீவுத் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கும், அதனால் சர்க்கரையை ஒரு கரண்டி கூடப் போட்டிருக்கிறேன். கரையில் இஞ்சினைப் பிரித்துப் போட்டுத் திட்டிக்கொண்டிருக்கிறானே, அவன்தான் என் சின்னத் தம்பி சீனு. இஞ்சின் காலையிலிருந்து கிளம்பவில்லை. வாய்தான் அப்படி, மனசு தங்கம்.

படகுக்காரர்கள் கொடுத்த மனுவை விசாரிக்கத் திருப்பதியிலிருந்து வந்திருக்கிறீர்கள். பெட்ரோலில் இப்போது கரும்புச் சாராயம் நூற்றுக்கு இருபது கலக்கிறார்கள், அதை ஏரிப் படகுகளின் பழைய இஞ்சின்கள் தாங்கவில்லை, சாராயம் கலக்காததை எங்களுக்குத் தனியாகக் கொடுங்கள் என்று மனு. முக்கால்வாசி உண்மைதான் சார். ரப்பர் குழாய்கள் இளகிப்போனது உண்மை. கார்பரேட்டரில் பிசின் மாதிரி பிடித்துக்கொள்வது உண்மை. நேற்று ஓடிய இஞ்சின் இன்று ஓடுமா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த மனுவில் முதல் காரணமாக என் பெரிய தம்பி தனசேகரின் சாவை எழுதியிருக்கிறார்கள். அது மட்டும் அப்படி இல்லை.

உங்களுக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் பெட்ரோலை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். சூளூர்பேட்டை பங்கில் என்றேன், எழுதிக்கொண்டு போனார்கள். நீங்கள்தான் வேறு மாதிரி கேட்டீர்கள். படகு கவிழ்ந்து ஒதுங்கியபோதும் பெட்ரோல் கேனின் மூடி இறுக்கமாகத்தான் இருந்தது, பிறகு அடியில் இவ்வளவு தண்ணீர் எப்படி வந்தது என்று. கேட்டவருக்குச் சொல்வதில் எனக்குக் கஷ்டமில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று இருக்கக்கூடாது, பாருங்கள்.

எங்கள் நைனா, அப்பாதான், முகத்துவாரத்தில் மூழ்கிப் போனார். ஏரி கடலைத் தொடும் இடம் அது. வெளியே ஓடும் தண்ணீரும் உள்ளே வரும் அலையும் அங்கே முட்டிக்கொள்ளும். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். எனக்கு அப்போது வரன் பேசிக்கொண்டிருந்தார்கள், அந்தப் பேச்சு அதோடு நின்றது. தனசேகர் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தான், சீனு என் இடுப்பில் இருந்தான். இரண்டு பேரையும் நான்தான் வளர்த்தேன். வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவார்கள். பெற்றவள் இல்லையே என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

தனசேகர் பெரியவனானதும் படகு எடுத்தான். காலைக் கட்டிப்போட முடியுமா? ஒருநாள் புயல் எச்சரிக்கை வந்தது. போகாதே என்றேன், கேட்கவில்லை. அவன் சட்டை மாட்டப் போன நேரத்தில் கேனைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தேன். கரையில் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தான், இஞ்சின் மூச்சு விடவில்லை. திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தான். அன்று பக்கத்துக் குப்பத்திலிருந்து போன படகு ஒன்று திரும்பவில்லை. நான் செய்தது சரியா தப்பா என்று அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அப்புறம் மேகம் கறுத்த நாளெல்லாம் ஊற்றினேன். போகப் போக, மேகம் இல்லாத நாளிலும் ஊற்றினேன். இஞ்சின் கிளம்பாத நாளில் வீடு எப்படி இருக்கும் தெரியுமா? நண்டுக் குழம்பு வைப்பேன். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து துன்னுவார்கள், சின்ன வயசில் மாதிரி. இந்தப் பெட்ரோல் விதி வந்தது எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று, நான் ஊற்றாமலே இஞ்சின் அடிக்கடி நின்றது. கவர்மெண்ட்டு பெட்ரோல் என்று ஊரே திட்டும். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். ஊரோடு ஒத்து வாழ வேண்டும் இல்லையா?

தண்ணீர் பயம்தான் சார் எல்லாவற்றுக்கும் காரணம். நைனாவைப் பறிகொடுத்தவள், எனக்குப் பயம் இருக்காதா? இதை நீங்கள் மறக்காமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

தனசேகர் கடைசியாகப் போனது மீனுக்கு இல்லை. அதற்கு முந்தின நாள் மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான்.

"க்கா, நம்ம போட்ட வித்துட்டேன். வாங்கினவரு மொகத்துவாரத்தாண்ட இருக்காரு. காலையில ஓட்டினு போயி குடுத்துட்டு, அப்டியே பஸ் புடிச்சிப் போயி ஸ்ரீசிட்டி கம்பெனில சேந்துருவேன். இனிமே தண்ணி மேல பொழப்பு இல்ல. உன் பயம் உட்டுச்சி."

சத்தியவேட்டில் சுந்தரி என்று ஒரு பெண்ணாம், அதே கம்பெனியில் வேலை செய்கிறவள். அங்கேயே வீடு பார்த்திருக்கிறானாம். நீயும் வந்துவிடு என்று என்னையும் கூப்பிட்டான். மரியாதைக்குக் கூப்பிடுவதற்கும் மனசாரக் கூப்பிடுவதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா? நான் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

காலையில் அவன் துணிப் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது கேனில் ஒரு டம்ளர் ஊற்றினேன். எப்போதும் ஊற்றும் அதே டம்ளர். படகு கரையில் மக்கர் பண்ணினால் வாங்குகிறவர் பின்வாங்குவார், கம்பெனிக்காரன் வேறு ஆளைப் பார்ப்பான் என்று கணக்குப் போட்டேன். கரைவரைக்கும் கூடப் போனேன். கயிற்றை ஒரே ஒரு இழுப்பு இழுத்தான். இஞ்சின் பிடித்துக்கொண்டது.

எனக்குக் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருந்தது. தண்ணீர் உள்ளே இருக்கிறது, அது எனக்குத் தெரியும். எங்கேயாவது நிற்கும் என்பதும் தெரியும். மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவன் மெதுவாகத்தான் படகைத் திருப்பினான். கையைத் தட்டினால் கேட்கிற தூரம். ஆனால் கூப்பிட்டால் ஏன் கூப்பிட்டேன் என்று சொல்ல வேண்டும். அத்தனை நாளும் இஞ்சினை நிறுத்தியது நான்தான் என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு அவன் என் கையால் ஒரு வாய் சோறு துன்னுவானா? அவன் கையை ஆட்டினான், நானும் ஆட்டினேன்.

மழைக்காற்று அடித்தபோது அவன் முகத்துவாரத்தில் இருந்திருக்கிறான். வலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். இஞ்சின் இருமி இருமி நின்றது, கயிற்றை இழுத்தான், மறுபடி இழுத்தான், ஓட்டம் படகை அலைக்குள் கொண்டுபோய்ப் போட்டது என்றார்கள். அவர்கள் பக்கத்தில் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியத்தன்று சூளூர்பேட்டையிலிருந்து மெக்கானிக் சலீம் வந்திருந்தார். கேனிலிருந்து பாட்டிலில் பிடித்ததைத் தூக்கிக் காட்டினார். மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். அந்தப் பாட்டில்தான் இப்போது உங்கள் பையில் இருக்கிறது. பழைய பெட்ரோலில் இப்படி நடக்குமா என்று அவரைக் கேட்டேன்.

"முன்ன வந்ததுல இம்மாம் தண்ணி கலந்தா அடியில தனியா நின்னுக்கும்மா. கரையிலயே மொண்டி பண்ணும், போட்டு நகராது. இது அப்டி இல்ல. கொஞ்சம் தண்ணின்னா குடிச்சிட்டு கம்முனு இருக்கும். நல்லா ஓடினுகூட இருக்கும். குளுந்த காத்து பட்டா கக்கிடும், நடுத்தண்ணில உட்டுடும்."

அவர் சொன்னதை நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். எல்லாரும் அழுதார்கள், நானும் அழுதேன். பொய்யாக அழவில்லை சார்.

தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்தச் சத்தம் கேட்கிறது. இஞ்சின் கயிற்றை இழுக்கிற சத்தம். இழுப்பான், விடுவான், மறுபடி இழுப்பான். சீனுவுக்குக் கேட்பதில்லை. முதலில் எழுந்து ஓடுவேன். போய்ப் பார்த்தால் கரையில் யாரும் இருக்கமாட்டார்கள், ஈர மணலில் படகு இழுத்த தடம்கூட இருக்காது. இப்போது எழுந்து போவதில்லை. ஒரு தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். சத்தம் நின்றதும், யாரோ அலுத்துப்போய் உள்ளே வந்து உட்காருவது மாதிரி இருக்கும். ஈரத் துணி வாசம் வரும். ஒரு விதத்தில் அவன் இப்போது எங்கும் போவதில்லை, வீட்டோடுதான் இருக்கிறான்.

அதனால் பெட்ரோல்மேல் பழி போடாதீர்கள். ரப்பர் குழாய்க்கு வேண்டுமானால் போடுங்கள். தனசேகர் விஷயத்தில் அந்த விதி போட்டவர்களுக்கு ஒரு பாவமும் இல்லை. தப்பு என்னுடையது, அளவுத் தப்பு. இந்தப் பெட்ரோலுக்கு ஒரு டம்ளர் போதாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் என் தம்பி அன்று கரையிலேயே நின்றிருப்பான், இன்று உங்களோடு உட்கார்ந்து டீ குடித்திருப்பான்.

இன்று ஸ்ரீசிட்டியில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம், சீனு போக வேண்டுமாம். அண்ணனுக்குக் கிடைத்த அதே கம்பெனி. அக்கரைக்குப் போக விடிந்ததிலிருந்து கயிற்றை இழுப்பதும் இஞ்சினைப் பிரிப்பதுமாக இருக்கிறான். இந்தத் தடவை சொம்பு நிறைய ஊற்றினேன் சார். கரையை விட்டு ஒரு அடி நகரவில்லை, பாருங்கள். நீங்கள் கிளம்பும்போது உங்கள் படகில் ஏறிக்கொள்ளட்டுமா என்று கேட்பான். இடமில்லை என்று சொல்லிவிடுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.