மகன் முறை

ஹட்டனிலிருந்து லிந்துலைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் மடியில் செவ்வந்திப் பூ.

"யாருக்குக்கா பூவு?"

"எம் மகனுக்கு. இருபத்தொரு வயசு. தோட்டத்துக் கல்லறையில இருக்கான்."

"ஐயோ, ஒங்க மகன் கட்டாருக்கு வேலைக்குல்ல போயிருக்கான்?"

"அவன் இல்லடி. வெள்ளக்காரன் காலத்து யுத்தத்துல, பிளேன் ஓட்டிப் பழகுறப்ப நம்ம மலையில மோதிச் செத்த பட்டாளத்துப் பையன். கொழுந்தெடுக்க வந்த புதுசுல அண்ணன்னு கும்பிட்டேன். அப்புறம் தம்பின்னேன். வயசு எனக்குத்தானே போகுது? இப்ப மகன்."

"யாரோ பெத்த புள்ளைக்கு எதுக்குக்கா இவ்வளவு?"

"அவங்கம்மாவால சீமையிலருந்து கடைசிவரைக்கும் வந்து பாக்க முடியலயாம். நான் இவனுக்குப் பூ வச்சா, அங்க கட்டார்ல எவளாச்சும் எம் புள்ளைக்கு ஒரு வாய் சோறு போட மாட்டாளா?"