சிவப்புப் பொட்டு வைத்த கம்பி

— உள்ளுக்குக் குண்டில்லை, யோசப் அங்கிள். நம்பிக்கை இல்லாட்டி நீங்களே பாருங்கோ.

— பாக்கத்தானே போறன், எமில்டா. முப்பது வருசமா இந்த பேஸ்மன்ரிலை இருந்து துவக்குத் திருத்திறன், ஒருத்தரையும் நம்பினதில்லை. ஓம், வெறுந்துவக்குத்தான். டோர்செட் பார்க்கிலையிருந்து பிக்கரிங் வரைக்கும் ஓடி வந்திருக்கிறாய். ஸ்பிரிங்குக்குள்ளை இருக்கிற உந்த பிளாஸ்ரிக் கம்பி என்ன பாவம் செய்தது, பிள்ளை?

— ஒண்டும் செய்யேல்லை. ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் கம்பி போட்டுத் தாங்கோ. முன்பக்கம் பாரமெண்டா, சுடேக்கை பிஸ்ரல் மேலை துள்ளாதாம்.

— சும்மா சொல்லக்கூடாது, நல்ல சாமான்தான். ஆனா எங்கடை சுடுற கிளப்புப் போட்டியிலை துவக்கோடை வந்த கொம்பனிக் கம்பிதான் இருக்கோணும். மாத்தினா வெளியிலை. உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

— தேவையில்லைத்தான். போன வருசம் ஃபைனலுக்கு முதல் என்ரை பிஸ்ரலைத் திறந்து பாக்க, கறுப்புப் பெயின்ற் அடிச்ச ஸ்ரீல் கம்பி. எல்லாருக்கும் முன்னாலை கள்ளியெண்டு கலைச்சவை.

— பழசை விடு, பிள்ளை.

— பழசோ? இண்டைக்கும் கோயிலிலை நான் போய்ப் பக்கத்திலை இருந்தா, அன்ரிமார் ஹான்ட்பாக்கைத் தங்கடை பக்கம் இழுக்கினம்.

— விசர்ச் சனம். சரி, உந்தா, பழசு வெளியிலை வந்திட்டுது. புதுசு உள்ளை. ரண்டு நிமிச வேலை.

— ரண்டே நிமிசந்தானோ! போன வருசம் சேர்விசுக்குத் தந்திட்டு, நான் மேலை அன்ரியோடை ஒரு தேத்தண்ணி முழுக்கக் குடிச்சனான்.

— அது… அண்டைக்குத் துடைச்சு எண்ணெயும் போட்டனான்.

— ஓம், ஓம். பழைய கம்பியை என்ன செய்யப் போறியள்?

— பிஸ்கட் பேணியுக்கை போடுறன். இப்ப கனடாச் சட்டப்படி ஆரும் புதுசாக் கைத்துவக்கு வாங்கேலாது. இருக்கிறதைத் திருத்தித் திருத்தித்தான் வைச்சிருக்கோணும். நான் ஒண்டையும் எறியிறதில்லை.

— தெரியும். அதுதான் வந்தனான். பேணியைக் கவிழ்த்துக் கொட்டுங்கோ.

— என்ன கதை உது?

— கொட்டுங்கோ, அங்கிள். ம்… உந்தக் கம்பியை எடுங்கோ. அடியிலை சிவப்புப் பொட்டு ஒண்டு இருக்கோ? நகத்துக்குப் பூசுற கியூரெக்ஸ். என்ரை சாமான் எல்லாத்திலையும் நான் வைக்கிறது. கிளப்பிலை கேட்டா எல்லாரும் சொல்லுவினம். இப்ப கழட்டின கம்பியையும் பாருங்கோ, அது என்னைக் கலைச்ச பிறகு நான் புதுசா வாங்கிப் போட்டது. அதிலையும் பொட்டு. நான் இண்டைக்கு உங்களுக்கு ஒரு கம்பிதானே தந்தனான்?

— எமில்டா… கதவைச் சாத்து. அன்ரிக்குக் கேட்டிடும்.

— ‘அந்தோனியாராணை, நான் திருப்பிக் குடுக்கேக்கை பிளாஸ்ரிக்தான் இருந்தது’ எண்டு கமிட்டிக்குச் சொன்னியள். அண்டைக்கு நல்லாக் கேக்கத்தக்கதாச் சொன்னியள். இப்பவும் அப்பிடியே சொல்லுங்கோ.

— நான்தான் மாத்தினனான். மருமோனுக்காண்டி. நீ நிண்டா மாக்கஸுக்கு எப்பவும் ரண்டாமிடம். மூஞ்சையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவான், என்ரை மோள் அழுவாள். ஒருக்கா வெல்லட்டுமெண்டு…

— வெண்டார். படமும் எடுத்து மேலை மாட்டியிருக்கிறியள். வரேக்கை பார்த்தனான்.

— உன்ரை காலிலை விழுறன், பிள்ளை. கமிட்டிக்குச் சொல்லு, என்ரை லைசென்ஸ் போகட்டும். மாக்கஸுக்கு மட்டும் சொல்லாதை. தான் நேர்மையா வெண்டதெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறான். தெரிஞ்சா இந்தப் படி மிதியான்.

— இன்னொருக்காக் கெஞ்சுங்கோ.

— என்ன?

— ஒரு வருசமா இதைக் கேக்கத்தான் இருந்தனான். இன்னொருக்கா.

— மாக்கஸுக்குச் சொல்லாதை, எமில்டா. கையெடுத்துக் கும்பிடுறன்.

— போன கிழமை ஸ்பிரிங் ஒண்டு தேடி உந்தப் பேணியைக் கிண்டினது அவர்தான், அங்கிள். பொட்டைக் கண்டிட்டு எனக்குப் போன் எடுத்து அழுதவர். கம்பியைத் திரும்பப் பேணியுக்கை போடச் சொன்னது நான். வெளியிலை காருக்கை, போன வருசம் வெண்ட கப்பை மடியிலை வைச்சுக்கொண்டு இருக்கிறார். கூப்பிடட்டோ?