வண்டி ஆடணும்

ஆடி மாதத்து ஸ்ரீரங்கம் பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்கு முன் சீட்டில் லாரி டிரைவர் ஒருவர். விரலில் புது மாப்பிள்ளை மோதிரம். பக்கத்தில் கிரீஸ் கையோடு மெக்கானிக்.

"அண்ணே, இன்ஜினுக்கு அடியில வச்ச ரப்பரைக் கழட்டிடுங்க. வண்டி பழையபடி கடகடன்னு ஆடணும்."

"ஏம்ப்பா, வேற இன்ஜின் ஏத்தியிருக்கு. கம்பெனி ரப்பர் சேரலைன்னு கடை கடையாத் தேடி வாங்கிப் போட்டேன். ஆடலைன்னு முதலாளிக்கு அவ்வளவு சந்தோஷம்!"

"அவருக்கென்ன. எம் பொண்டாட்டியை ஆடிக்கு அழைச்சிட்டுப் போயிட்டாங்க. திருவெள்ளறையில மாமனார் வீடு ரோட்டு மேலேயே. முதல் மூணு நாளும் வண்டி ஆடுற சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடியாந்தா. நீங்க ரப்பர் போட்டதிலேருந்து எந்த லாரின்னே அவளுக்குத் தெரியலை."

"ஹாரன் அடிக்கிறதுதானே?"

"அடிச்சேங்க. மாமனாரு குடையோட வந்தாரு. டவுனுக்குத்தானேன்னு ஏறி உட்கார்ந்துட்டாரு. அன்னியிலேருந்து தினமும் அவருதான் வாசல்ல நிக்கிறாரு. அவ கதவுக்குப் பின்னாடி நிக்கிறா. வளையல் சத்தம் மட்டும் கேக்குது."

மெக்கானிக் கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"ரப்பரைக் கழட்டினா அதுவும் கேக்காதே, தம்பி."