அக்கா பக்கத்துச் சுவருக்குத் தண்ணீர் விட்டது

மேலே எழுதியுள்ள பெயரும் கதவு எண்ணும் என்னுடையவைதான். வயது ஐம்பத்திரண்டு. கணவர் காலமாகிவிட்டார். வீட்டிலேயே மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடையும் ஜன்னல் திரையும் தைத்துக் கொடுத்துத் தனியாக வாழ்ந்து வருகிறேன். புகார் கொடுத்திருப்பவள் என் கூடப் பிறந்த அக்கா. இப்போது இதே போலீஸ் ஸ்டேஷனில் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் 'புகார்தாரர்' என்று எழுதலாம் என எழுத்தர் சொன்னார். எனக்கு வாயில் வரவில்லை. அக்கா என்றே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

வீடு எங்கள் அப்பா கட்டியது. ஒரே கூரை, ஒரே அஸ்திவாரம். அப்பா போன பிறகு பாகம் பிரித்து, கூடத்தின் நடுவே சுவர் எழுப்பி, கிழக்குப் பாதி எனக்கு, மேற்குப் பாதி அக்காவுக்கு என்று ஆனது. அந்தச் சுவரின் பூச்சு காய்வதற்குள் எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. யார் முதலில் நிறுத்தியது என்று கேட்டால் இருவரும் எதிர் பெஞ்சைத்தான் காட்டுவோம். அதன் பிறகு அக்கா தன் பாதியைப் பூட்டிக்கொண்டு மகன் வீட்டோடு போய்விட்டாள். அது மூன்றாவது மாடி. அங்கே மண் என்பது பூந்தொட்டியில் மட்டும்தான் இருக்கும்.

எங்கள் தெரு முழுவதும் களிமண். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். இந்த வருடம் கோடை மழை ஏமாற்றிவிட்டதால் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்குப் பிளந்துவிட்டது. ஒரு நாள் அந்த ஓரமாக உட்கார்ந்து பித்தான் தைத்துக்கொண்டிருந்தபோது, நூல் வெட்டும் சின்னக் கத்தரிக்கோல் மடியிலிருந்து நழுவிப் பிளவுக்குள் போய்விட்டது. விழுந்த சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அன்று மெஷினை மிதித்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும், கத்தரிக்கோல் இன்னும் கீழே போய்க்கொண்டே இருப்பதாகத் தோன்றிக்கொண்டிருந்தது. அதன் பிறகு படுக்கையறைக் கதவு நிலையில் இடித்து மூட மறுத்தது. தெரு முழுக்க உறங்கும் மத்தியானங்களில், வீடு தூக்கத்தில் புரண்டு படுப்பது போலச் சுவருக்குள் எங்கோ லேசாக நெட்டி முறியும். கேட்டுக்கொண்டே நானும் கண்ணயர்ந்துவிடுவேன். விழித்த பிறகுதான் பயம் வரும். இந்த வீட்டை விட்டால் எனக்குப் போக்கிடம் கிடையாது.

அதன் பிறகு கொத்தனாரை வரவழைத்துக் காட்டினேன். அவர், "இப்பப் பூசினா மறுபடி வெடிப்பு விடும்மா. மண்ணு காஞ்சு கீழ இறங்குது. அஸ்திவாரத்தைச் சுத்தி ஈரம் காயாமப் பாத்துக்குங்க, மழை வந்ததும் பூசிக்கலாம்" என்றார். எனவே பழைய ரப்பர் குழாய் ஒன்றை எடுத்து, கோணி ஊசியைச் சூடாக்கிச் சாண் இடைவெளியில் துளை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி ஆழமில்லாத வாய்க்கால் வெட்டி அதில் பதித்தேன். வெயில் ஈரத்தை உறிஞ்சாமல் இருக்கக் குழாயின் மேல் வெட்டுத் துணிகளைப் பரப்பி மண்ணைத் தள்ளினேன். துணி அலசிய தண்ணீரை டிரம்மில் சேர்த்து, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் சொட்டுச் சொட்டாகத் திறந்துவிட்டேன். எதிர்வீட்டு டியூஷன் வாத்தியார், "என்னம்மா, வீடு முளைக்குமா?" என்று கேட்டார். "முளைச்சா உங்களுக்கும் ஒரு ரூம் தரேன் சார்" என்றேன்.

சில நாட்களில் கதவு தானாகச் சேர்ந்து மூடியது. நம்மைப் போலக் கெட்டிக்காரி உண்டா என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகுதான் செய்த தவறு தெரிந்தது. கூடத்து நடுச்சுவரை ஒட்டி, மேலிருந்து கீழாக, தையல் விடுவது போல ஒரு விரிசல் கிளம்பியிருந்தது. அதன் குறுக்கே நூல் ஒன்றை விறைப்பாக இழுத்து ஒட்டிவைத்தேன். அது அறுந்துபோனது. என் பாதி ஈரத்தில் நிமிர்ந்து நிற்க, அக்காவின் பாதி காய்ந்து அமிழ்ந்துகொண்டிருந்தது. ஒரே அஸ்திவாரத்தில் ஒரு பக்கத்துக்கு மட்டும் தண்ணீர் காட்டினால் வீடு நடுவில் கிழியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். எங்கள் இருவர் விஷயத்தில் தசை ஆடவில்லை, சுவர்தான் ஆடியது.

அக்காவுக்கு ஏன் தகவல் சொல்லவில்லை என்று ஆய்வாளர் கேட்டதற்குச் சொல்கிறேன். போன் செய்தேன். மணி போய்க்கொண்டே இருந்து நின்றுவிட்டது. மறுபடி செய்ய ரோஷம் இடம் கொடுக்கவில்லை. அதன் பிறகு, மெஷின் முன் போட்டிருக்கும் ஸ்டூலைக் கொல்லைச் சுவரோரம் போட்டு ஏறி அந்தப் பக்கம் குதித்தேன். குதித்ததற்குச் சாட்சி என் முழங்காலில் இருக்கிறது. அவள் பக்கத்திலும் அதே போல வாய்க்கால் வெட்டி, சுவருக்கு மேலாகக் குழாயை இழுத்துப் பதித்து, தினமும் சாயங்காலம் போய்ப் பார்த்து வந்தேன். பூட்டைத் தொடவில்லை. ஒரு பொருளும் எடுக்கவில்லை. ஜன்னல் இடுக்கு வழியாக ஒரு முறை உள்ளே பார்த்தேன், அதை ஒப்புக்கொள்கிறேன். நடுச்சுவருக்கு அடியில் பாதியாக வெட்டுப்பட்ட பூப்போட்ட டைல் ஒன்று என் பக்கத்தில் இருக்கிறது. அதன் மறுபாதி அங்கே இருந்தது. சாயங்கால வெளிச்சம் மெல்ல நகர்ந்து அதன் மேல் ஏறும் வரை நின்று பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது.

நேற்று அதே போலத் தண்ணீரைத் திறந்துவிட்டு, அவள் பக்கத்துச் சுவர் நிழலில் சாய்ந்து உட்கார்ந்தேன். கால் வைத்த மண் குளிர்ச்சியாக இருந்தது. தூங்கிவிட்டேன். கனவில் வீடு தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. அடியில் என் கத்தரிக்கோல் மீன் போல வாயைத் திறந்து மூடியபடி போனது. ஜன்னல் திரையை அலசி ஒரு முனையை அக்கா பிடிக்க, மறுமுனையை நான் பிடித்து முறுக்கினேன். கண்ணைத் திறந்தபோதும் அக்கா நின்றிருந்தாள். கனவு இன்னும் முடியவில்லை என்று நினைத்து, "வந்துட்டியா? சாப்ட்டியா?" என்று கேட்டேன். அவள், "அஸ்திவாரத்தையே தோண்டிட்டியேடி" என்றாள். அவள் பின்னால், அவள் பாதியை விலைக்கு வாங்கப் பார்க்க வந்தவர் நின்றிருந்தார். வாய்க்காலையும் மண்ணில் புதைந்த துணிகளையும் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். விற்பனையைக் கெடுக்கத்தான் நான் தோண்டினேன் என்று அக்கா புகார் கொடுத்தது அதன் பிறகு.

அவள் பாதியை அவள் விற்கட்டும். எனக்கு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் கெடுக்க நினைக்கிறவள் சுவர் ஏறிப் போய்த் தண்ணீர் ஊற்ற மாட்டாள்.

இனி அந்தப் பக்கம் போக மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க ஆய்வாளர் சொல்கிறார். கொடுக்கிறேன். அப்படியானால் இன்றிலிருந்து என் பக்கத்துக்கும் தண்ணீர் விட மாட்டேன் என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விட்டுக் கிழிப்பதைவிட, இரண்டும் சேர்ந்தே அமிழட்டும்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அக்கா பெஞ்சிலிருந்து, "எவ்ளோ நேரம் விடணும்?" என்று கேட்டாள். குறுக்கே பேசக் கூடாது என்று எழுத்தர் அவளை அடக்கினார். அந்தக் கேள்வியையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். நடுச்சுவர் வந்த பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

நேரக் கணக்கு கிடையாது. மண்ணைக் கையில் எடுத்தால் உருண்டை பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் ஒரே நாளில் விட வேண்டும். டிரம் என் கொல்லையில் இருக்கிறது. அக்கா எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம், அத்துமீறல் என்று நான் புகார் கொடுக்க மாட்டேன்.

டிரம்மின் திருகு இடப்பக்கம் திருப்பினால்தான் திறக்கும் என்பது உட்பட, மேலே நான் சொன்னது அனைத்தும் உண்மை. படித்துக் காட்டக் கேட்டேன். சரியாக இருக்கிறது.

(கையெழுத்து)