போதகர் ரெண்டல் லாக்வுட் தவறாகக் கேட்ட வழி

மேடையில் அமர்ந்திருக்கும் பேராயர் அவர்களே, தலைநகரிலிருந்து வந்திருக்கும் விருந்தினர்களே, சபை மூப்பர்களே, வாங்க்கி ஆற்றின் மேற்பகுதியிலுள்ள மேலூர்களிலிருந்து மழையில் நனைந்தபடி வந்து சேர்ந்திருக்கும் என் மக்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். நான் எர்லீன் கோபான், இந்த ஊர் மருந்தகத்தின் செவிலி. இன்று நாம் வழியனுப்பக் கூடியிருக்கும் போதகர் ரெண்டல் லாக்வுட் அவர்களின் படகில் பாதி வாழ்நாளைக் கழித்தவள். அந்தப் பாதி வாழ்நாளும் அவர்மேல் எரிச்சல்பட்டவள்.

எனக்கு முன் பேசியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிக் கதைகளைத்தான் சொன்னார்கள். புயலில் கோயிலின் தகரக் கூரை பறந்தது, பாஸ்டருக்குக் கீறல்கூட விழவில்லை. படகு கவிழ்ந்தது, மரக்கிளையைப் பிடித்துப் பிழைத்தார். துப்பாக்கிக்காரர்கள் மறித்தார்கள், ஜெபித்தார், விட்டுவிட்டார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் இவற்றை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் என்ன நடக்கிறது தெரியுமா? அங்கே வாசலில் கிசுகிசு நடக்கிறது. வெள்ளத்திலிருந்து காத்த கர்த்தர் ஒரு காய்ச்சலிலிருந்து காக்கவில்லையே, பாஸ்டர் மறைவாக ஏதாவது பாவம் செய்திருப்பாரோ என்று. நேற்று துக்க வீட்டில், நான் ஊற்றிக் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே ஒருவர் இதை என்னிடமே கேட்டார். கோப்பையை வாங்கி வைத்துவிட்டு அவரை வெளியே அனுப்பினேன்.

ஆகவே, யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். பேராயர் அவர்கள் பொறுத்தருள வேண்டும். இது மெல்பாவின் கதை. அவள் அதோ ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். சொல்லச் சொன்னவளே அவள்தான்.

மெல்பாவுக்குத் தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று மேலூரிலிருந்து சேதி வந்தது. ஆறு கரை மீறி ஓடிக்கொண்டிருந்தது. பாஸ்டர், படகோட்டி கொர்னேலியோ, நான், மூவரும் புறப்பட்டோம். ஆறு இரண்டாகப் பிரியும் இடம் வந்ததும் பாஸ்டர் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். எதற்கு? ஜெபிப்பதற்கு. எந்த வழி என்று ஆண்டவரைக் கேட்பதற்கு. படகு சுழன்றுகொண்டிருக்கிறது, இவர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்.

“பாஸ்டர், அந்தப் பொண்ணு அங்க துடிச்சிக்கிட்டுக் கிடக்கா. நீங்க இங்க கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருக்கீங்க” என்று நான் கத்தினேன்.

அவர் கண் திறந்து, வலப்பக்க ஓடையில் போகச் சொன்னார். கொர்னேலியோ தலையை ஆட்டினார். மழைக்காலத்தில் அந்த ஓடையில் மரம் சாயும், பெரிய ஆற்றிலேயே போய்விடலாம் என்றார். பாஸ்டர் கேட்கவில்லை. ஆண்டவர் காட்டிவிட்டார் என்றார். போனோம். ஓடையின் நடுவே பெரிய மரமொன்று வேரோடு சாய்ந்து குறுக்கே கிடந்தது. வெட்டவும் முடியவில்லை, தாண்டவும் முடியவில்லை. திரும்பி வந்து பெரிய ஆற்றைப் பிடித்து நாங்கள் ஊர் சேர்ந்தபோது உச்சிப்பொழுது சாய்ந்திருந்தது. மெல்பாவைக் காப்பாற்றினேன். குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை.

நண்பர்களே, நம்மில் எத்தனை பேர் இதை ஆண்டவரின் சித்தம் என்று சொல்லி நகர்ந்திருப்போம்? மூப்பர்கள் அவரிடம் அதைத்தான் சொன்னார்கள். வெளியே பேச வேண்டாம், ஜனங்களின் விசுவாசம் ஆட்டங்கண்டுவிடும் என்றார்கள். அவர் என்ன செய்தார்? ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையில் வேதத்தை மூடி வைத்துவிட்டு, எல்லோர் முன்னாலும் சொன்னார்:

“ஆண்டவர் தப்பான வழியக் காட்டல. நான்தான் தப்பாக் கேட்டேன். என் மனசுல பட்டத அவர் குரல்னு நினைச்சிக்கிட்டேன். கொர்னேலியோ சொன்னதக் காதுலயே வாங்கல. மெல்பா, என்ன மன்னிக்கச் சொல்லிக் கேக்கற தகுதிகூட எனக்கு இல்ல.”

மெல்பா எழுந்து வெளியே போய்விட்டாள். அதன் பிறகு மேலூருக்குப் படகு போகும்போதெல்லாம் இவர் அவள் வீட்டு வாசலில் நிற்பார். கதவு திறக்காது. கொல்லைக்குப் போய் விறகு பிளந்து அடுக்கிவிட்டு வருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மருந்துப் பெட்டியோடு நான் படகில் காய்ந்துகொண்டிருப்பேன், இவர் அங்கே கோடரி பிடித்துக்கொண்டிருப்பார். போதும் பாஸ்டர், அவள் திறக்க மாட்டாள் என்பேன். திறக்கணும்னு நான் வரலியே என்பார். அடுத்த மழைக்காலமும் வந்தது. ஒரு நாள் மெல்பா கொல்லைக் கதவைத் திறந்து, வாழைப்பழத்தைத் தேங்காய்ப் பாலில் மசித்த வாபுல் ஒரு கிண்ணம் நீட்டினாள். அவர் நின்றபடியே குடித்தார். படகுக்கு வந்து உட்கார்ந்து அழுதார். அன்று மட்டும் நான் அவரைத் திட்டவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஜெபிப்பதை விட்டுவிட்டாரா? இல்லை. ஆறு பிரியும் இடத்தில் அப்போதும் இயந்திரத்தை நிறுத்துவார், அப்போதும் எனக்கு எரிச்சல் வரும். ஆனால் ஜெபித்து முடித்ததும், “கொர்னேலியோ, நீ என்ன சொல்ற?” என்று கேட்பார். கொர்னேலியோ சொன்ன வழியில் போவார். ஆண்டவரை நம்பினார். தன் காதை நம்புவதை நிறுத்திக்கொண்டார். அவருடைய விசுவாசம் குறைந்துவிட்டது என்றார்கள் சிலர். அவர்கள் யாரும் வெள்ளத்தில் எங்களோடு படகேறியதில்லை.

இப்போது காய்ச்சலுக்கு வருகிறேன். மருந்து கொடுத்தேன், குடித்தார். படுக்கச் சொன்னேன், படுத்தார். வாழ்நாளில் முதல் முறையாக நான் சொன்னதையெல்லாம் கேட்டார். கேட்டுவிட்டுச் செத்துப்போனார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? கடைசி நாள் காலையில் கட்டிலருகே நின்று அவரையே கேட்டேன்: “இத்தன தடவ காப்பாத்தினாரே, இப்ப எங்க போனாரு உங்க ஆண்டவர்?”

அவருக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் சிரித்தார். “இங்கதான் இருக்காரு, எர்லீன். நீதான் அவர்மேல கத்திக்கிட்டிருக்க.”

அதன் பிறகு அவர் தன் உயிரைப் பற்றிக் கேட்கவில்லை. வியாழக்கிழமை மருந்துப் படகில் மேலூருக்கு யார் போகிறார்கள் என்றுதான் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நம் மூப்பர்கள் இன்று காலை பதில் சொல்லியிருக்கிறார்கள். பாஸ்டர் இல்லாத படகுக்குக் காவல் இல்லையாம், கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கலாமாம். ஐயா, அந்தப் படகுக்குக் காவலாக இருந்தது ரெண்டல் லாக்வுட்டா? அப்படியானால் இத்தனை வருடம் இந்தக் கோயிலில் நாம் யாரைப் பார்த்துப் பாடினோம்? கிசுகிசுக்கிறவர்களைவிட எனக்கு இதுதான் கோபம். அவரைப் புகழ்வதற்கு மேடை போட்டிருக்கிறோம், அவர் நம்பியவரை நம்ப ஒருவர்கூட இல்லை.

போதகர் ரெண்டல் லாக்வுட் அவர்களே, உங்கள் பணி நிற்காது. வியாழக்கிழமை விடிந்ததும் படகு புறப்படும். கொர்னேலியோ ஓட்டுவார். ஜன்னலோரம் இருக்கும் மெல்பா, தானும் வருவதாகச் சொல்லிவிட்டாள். மருந்துப் பெட்டியோடு நான் ஏறுகிறேன். ஆறு பிரியும் இடத்தில் நானே ஜெபிப்பேன், கண்ணைத் திறந்துகொண்டு. எனக்கு நீச்சல் தெரியாது. உங்களில் பலருக்குத் தெரியும். வந்து ஏறுங்கள்.