மூணாவது சிலிண்டர்

நார்மன்: ...அதனாலதான் சொல்றேன் கிருபா, இன்ஜின வெளிய எடுத்து முழுசா பிரிச்சிடலாம்.

கிருபாவதி: ஏங்க, மணி பத்தரை. நாலு மணிக்கு வண்டி பாக்க ஆள் வர்றாரு. இப்ப போயி பிரிக்கணுமா?

நார்மன்: இப்படி விட்டு விட்டு மிஸ்ஸிங் அடிச்சா நான் என்ன செய்ய? நேத்து காலையில கூட நல்லா ஓடுச்சு.

கிருபாவதி: அறுபத்தேழாம் வருஷத்து வண்டி. அப்பப்ப அடிக்கத்தான் செய்யும்.

நார்மன்: இத வித்துட்டு அடுத்த மாசம் நிக்டியில இருக்குற ஃப்ளாட்டுக்குப் போகணும்...

கிருபாவதி: ஆமா. அங்க ஒரே ஒரு பார்க்கிங்தான். இந்தச் செவப்பு வண்டி போகட்டும், ஆல்டோ இருக்கட்டும்னு பேசி முடிச்சாச்சுல்ல?

நார்மன்: முடிச்சாச்சு, முடிச்சாச்சு. இங்க பாரு, பிரஷர் கேஜ்ல ஒண்ணு, ரெண்டு, நாலு எல்லாம் நூத்தம்பது காட்டுது. மூணாவது சிலிண்டர் மட்டும் எம்பது.

கிருபாவதி: அப்ப மூணாவத மட்டும் பாருங்க.

நார்மன்: அதெப்படி? குக்கர்ல பிரஷர் நிக்கலன்னு வை. மூடி சரியா உக்காரலியா, இல்ல பாத்திரமே தேஞ்சிருச்சா? மூடின்னா மேல ஹெட்ட மட்டும் கழட்டுனா போதும். பாத்திரம்னா பிஸ்டன், ரிங்கு, கிராங்க்கு எல்லாம் வெளிய வரணும். மூணு வாரம் ஆகும்.

கிருபாவதி: அதக் கண்டுபிடிக்கத்தான் ஒரு ஸ்பூன் ஆயில் இருக்கே.

நார்மன்: அரே... இத யாரு சொல்லிக்குடுத்தா?

கிருபாவதி: நாலு வருஷமா உங்களுக்கு டார்ச் புடிக்கிறேன். ப்ளக் ஓட்டையில ஆயில் ஊத்துனா, ரிங்கச் சுத்தி கொஞ்ச நேரம் அடைச்சுக்கும். பிரஷர் ஏறுனா ரிங்கு தேஞ்சிருக்கு. ஏறலன்னா மேல வால்வுல லீக்கு. இந்தாங்க ஸ்பூன்.

நார்மன்: இது கிச்சன் ஸ்பூனாச்சே?

கிருபாவதி: இனிமே இல்ல.

நார்மன்: ஊத்தியாச்சு. உள்ள உக்காந்து செல்ஃப் அடி... இன்னும்... போதும்.

கிருபாவதி: எவ்வளவு?

நார்மன்: எம்பத்திரண்டு.

கிருபாவதி: ஏறல. அப்ப ரிங்கு பக்கா. அப்பாடா.

நார்மன்: நீ எதுக்கு அப்பாடாங்குற?

கிருபாவதி: மூணு வாரம் மிச்சமாச்சே.

நார்மன்: இருந்தாலும் பிரிச்சிடலாம். அந்த ரிட்டயர்டு கர்னல்கிட்ட வண்டிய வாங்குனதுலேர்ந்து அடிப்பக்கம் திறக்கவே இல்ல. பேரிங்க யாரு பாத்தா?

கிருபாவதி: வாங்குறவரு பாத்துக்கிடட்டும்.

நார்மன்: ம்... சரி, ஹெட்டயாவது கழட்டுவோம்.

கிருபாவதி: அதுவும் வேண்டாம். மேல் கவர மட்டும் எடுங்க. ரெண்டே நட்டு.

நார்மன்: கவர எடுத்தா வால்வு உக்காருற எடம் தெரியாதே. அத அமுக்குற ராக்கர்தான் தெரியும்.

கிருபாவதி: ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவுல கேப் இருக்கான்னு பாருங்க. கேப் இல்லன்னா எப்பவும் அமுக்கிட்டேதானே இருக்கும்? வால்வு முழுசா மூடாதுல்ல?

நார்மன்: வாஸ்தவம். ஆனா மூணாவதுக்கு மட்டும் எப்படி...

கிருபாவதி: எடுங்களேன்.

நார்மன்: எடுத்துட்டேன். கேப் பாக்குற தகட குடு... இது நுழையல. இன்னும் மெல்லிசு... இதுவும் நுழையல. ஸ்க்ரூ இறுகியிருக்கு.

கிருபாவதி: தானா இறுகியிருக்கும்.

நார்மன்: தானா தளரும் கிருபா. தானா இறுகுன ஸ்க்ரூவ டிப்போவுல வேல பாத்த முப்பத்தோரு வருஷத்துல நான் பாத்ததில்ல. கவர் நட்டுல மைதா ஒட்டியிருந்ததையும் பாத்ததில்ல.

கிருபாவதி: மைதாவா? எங்க?

நார்மன்: நேத்து சாயங்காலம் கேக்கு போட்டல்ல?

கிருபாவதி: நீங்க கொயர் ப்ராக்டிஸுக்குப் போயிருந்தீங்க. கேக்கு ஓவன்ல இருந்துச்சு. சும்மா இருந்த நேரத்துல... அந்த ஸ்க்ரூவ ஒரு கால் சுத்து. அதுக்கு மேல ஒரு இம்மி.

நார்மன்: எதுக்குட்டி?

கிருபாவதி: வர்றவரு ஸ்டார்ட் பண்ணிக் கேப்பாரு. மிஸ்ஸிங் அடிச்சா வேண்டாம்னு போயிடுவாரு. நீங்க முழுசா பிரிக்கணும்னு நிப்பீங்கன்னு நான் கண்டேனா?

நார்மன்: வித்துடலாம்னு மொதல்ல சொன்னதே நீதான்.

கிருபாவதி: நீங்க மாட்டேம்பீங்கன்னு நினைச்சுச் சொன்னேன். நீங்க உடனே சரின்னுட்டீங்க. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது... சிரிக்காதீங்க. தள்ளுங்க, ஆள் வர்றதுக்குள்ள பழையபடி தளத்தி விட்டுடுறேன். ஏமாத்தி அனுப்ப வேண்டாம்.

நார்மன்: தளத்து. ஆனா நாளைக்கு இன்ஜின வெளிய எடுக்கிறோம், முழுசா பிரிக்கிறோம்.

கிருபாவதி: நாளைக்கு வண்டியே இருக்காதேங்க.

நார்மன்: இருக்கும். நாலு மணிக்கு வர்றவரு ஆல்டோவப் பாக்க வர்றாரு. ஏசி வண்டி போகுதுன்னு நீ சண்டைக்கு வருவன்னு சொல்லல... இனிமே சர்ச்சுக்கும், காய்கறி வாங்க பாஜி மார்க்கெட்டுக்கும் இதுலதான் போகணும். மழையில நடு ரோட்டுல உன்ன எறங்கித் தள்ள வைக்கக் கூடாதுல்ல, அதான் காலையிலேர்ந்து பிரிக்கணும், பிரிக்கணும்னு கத்திட்டிருக்கேன்.